தோள் வச்ச தேனீ சட்டம் 8 வாங்கினேன், இடைவெளி சரியா நிக்குது

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துல பெட்டி வச்சிருக்கேன், எல்லாம் நியூட்டன் பெட்டிதான், நம்ம ஊர் தேனீக்கு உள்ள சின்ன மரப்பெட்டி. போன வருஷம் ஆன்லைன்ல ஒரு பெட்டி வாங்கினேன், கடை பேரு வேண்டாம். சட்டம் (தேனீ அடை கட்ட பெட்டிக்குள்ள தொங்க விடுற மரச் சட்டகம்) எல்லாம் வெறும் நேர் கட்டை, உட்கார வைக்க உள்ள காடி வெட்டியிருந்தாங்க, ஒரு சட்டத்தோட நடுவுல இருந்து அடுத்ததோட நடுவுக்கு 35 மில்லிமீட்டர். அது இத்தாலி தேனீக்கு உள்ள அளவுங்க. நம்ம அடுக்குத் தேனீ சின்னது, அதுக்கு 31, 32 போதும். எனக்கு அப்ப இது தெரியாது.

ரெண்டே மாசத்துல சட்டத்துக்கும் சட்டத்துக்கும் குறுக்க அடை கட்டி ஒட்ட வச்சிடுச்சு. ஒண்ணைத் தூக்கினா பக்கத்துல உள்ளதும் சேர்ந்து வருது, அடை கிழிஞ்சு வெள்ளை வெள்ளையா புழு அடிப்பலகையில விழுது, அதை ஒவ்வொண்ணா கவ்வி வாசலுக்கு இழுத்துட்டு வந்து போட்டுச்சுங்க, மனசே ஆறல. அடுத்த வாரம் கூட்டமே பறந்து போயிடுச்சு.

இந்தத் தடவ மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஆசாரிகிட்ட புழு அறைக்கு, அதான் ராணி முட்டை வச்சு குஞ்சு வளர்ற கீழ் அறைக்கு, 8 சட்டம் வாங்கினேன். பக்கக் கட்டையோட மேல் பாதி அகலமா தோள் மாதிரி இருக்கும், கீழ ஒடுங்கிடும். தோளோட தோள் முட்டுற மாதிரி நெருக்கி வச்சா போதும், இடைவெளி தானா வந்துடும், கண்ணளவே வேண்டாம். ஸ்கேல் வச்சுப் பார்த்தேன், மேல்கட்டை அகலம் 22, தோள் 31, அப்ப ரெண்டு மேல்கட்டைக்கு நடுவுல 9 மில்லிமீட்டர் சந்து. இந்த சந்துலதான் எல்லாமே இருக்கு. 1851ல அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர் லாங்ஸ்ட்ராத் கண்டுபிடிச்சது இதத்தான், தேனீ நடந்து போற அளவு வழி விட்டா அதை அடைக்காது, ரொம்ப அகலமா விட்டா அடை கட்டிடும், ரொம்ப நெருக்கிட்டா மெழுகு வச்சு மூடிடும்.

நாலு மாசம் ஆச்சு, ஒரு சட்டம்கூட ஒட்டல. தூக்கிப் பார்த்தா அடை பலகை மாதிரி நேரா தொங்குது, ராணியைத் தேடவே ஒரு நிமிஷம்தான் ஆகுது.

குறை சொல்லணும்னா, ரெண்டு சட்டத்துல தோள் ஒன்றரை மில்லி கூட இருந்துச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். அப்புறம் நெருக்கும்போது தோள் இடுக்குல தேனீ மாட்டி நசுங்கும், லேசா புகை விட்டு மெதுவா தள்ளணும். விலையும் நேர் கட்டையவிட கூடத்தான், ஆனா ஒரு கூட்டம் போச்சுன்னா அதைவிட நஷ்டம்.

மேல உள்ள தேன் அறைக்கு இது கட்டாயம் இல்ல, கட்டி முடிச்ச அடைன்னா கொஞ்சம் விலக்கி வச்சாலும் கண்ணறையை நீட்டித் தேன் ரொப்பிடும். புது சட்டம்னா அங்கயும் நெருக்கித்தான் வைக்கணும்.

வாங்கப் போறவங்க எந்தத் தேனீக்குன்னு சொல்லி, தோள் அகலத்த அங்கேயே அளந்து வாங்குங்க. ரப்பர் தளிர் விடுறதுக்கு முன்னாடி நான் இன்னும் 16 சொல்லி வச்சிருக்கேன்.