ஹலபேனோ, கெயென், காந்தாரி, ஹபனேரோ: நான்கு தொட்டிக்கு எது தேறும்?

போன பருவத்தில் நான்கு வகை மிளகாயை ஏழு தொட்டிகளில் வைத்தேன். இந்தப் பருவத்தில் நான்கு தொட்டிக்கு மேல் பார்க்க முடியாது என்று தெரிந்துவிட்டது. எதை வைப்பது, எதை விடுவது என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓடியது. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கெயென் பக்கம். விரல் நீளத்துக்கு மேல் ஒல்லியாகத் தொங்கும், தோல் மெலிந்த அந்தச் சாதாரண வகைதான். பெயரில் கவர்ச்சி இல்லை, காரத்தில் சாதனை இல்லை. ஆனால் வருடம் முழுக்க வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

மிளகாய் வகை என்றாலே எல்லாரும் காரத்தில் தொடங்குகிறார்கள். சரி, அதை முதலில் முடித்துவிடலாம். வில்பர் ஸ்கோவில் 1912-ல் ஒரு வழி சொன்னார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்துகொண்டே போவது. எத்தனை மடங்கு கலந்தால் நாக்குக்குக் காரம் தெரியாமல் போகிறதோ, அந்த எண்தான் அளவு. அந்தக் கணக்கில் ஹலபேனோ ஏறக்குறைய 2,500 முதல் 8,000, கெயென் 30,000 முதல் 50,000, காந்தாரி போன்ற ஊசி மிளகாய்கள் 50,000-க்கு மேல், ஹபனேரோ ஒரு லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம் வரை. இவ்வளவுதான் விஷயம். ஒரே செடியில் பக்கத்துப் பக்கத்தில் காய்த்த இரண்டு ஹலபேனோவில் ஒன்று குடைமிளகாய் மாதிரி இருக்கும், அடுத்தது கண்ணில் தண்ணீர் வரவைக்கும். தண்ணீர் குறைந்த வாரத்தில் வந்த காய்க்குக் காரம் கூடும். இந்த எண்ணைப் பார்த்துச் செடி வாங்குவது, ஹாரன் சத்தத்தைக் கேட்டு வண்டி வாங்குவது மாதிரி.

வெயில், தண்ணீர், மண் விஷயத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. நான்குக்கும் ஆறு மணி நேர வெயில் வேண்டும், தொட்டியில் தண்ணீர் தேங்கக் கூடாது, தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் வரும். கடும் வெப்பத்தில் நான்கும் பூவை உதிர்க்கும். இதை வைத்து ஒன்றை விட்டு இன்னொன்றை எடுக்க முடியாது.

எனக்கு முடிவைத் தந்த கேள்வி வேறு. இந்த வாரம் சாப்பிட முடியாமல் மிஞ்சும் பழத்தை என்ன செய்வது?

மிளகாய்ச் செடி தினமும் நாலு காய் என்று அளந்து கொடுப்பதில்லை. மூன்று வாரம் சும்மா இருக்கும், அப்புறம் பத்து நாளுக்குள் நாற்பது ஐம்பது சேர்ந்து சிவக்கும். பறிக்காமல் விடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். பழுத்த காய் செடியிலேயே நின்றால், விதையை முடித்தாயிற்று என்று செடி புதுப் பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆக பறித்தே ஆக வேண்டும். பறித்தால் வைக்க வழி வேண்டும். அந்த வழி எது என்பதைக் காயின் சதைக் கனமே தீர்மானிக்கிறது. விதை உறையில் யாரும் இதை எழுதுவதில்லை.

ஹலபேனோவில்தான் இதைக் கற்றேன். நல்ல செடி அது. விதை போட்டு ஒன்பதாம் நாள் முளைத்தது, குட்டையாக நின்று குச்சி கேட்காமல் காய்த்தது. முதல் பறிப்பில் பச்சையாகவே தீர்த்துவிட்டோம். இரண்டாம் பறிப்பில் முப்பதுக்கு மேல் சிவந்துவிட்டது. கெயெனோடு சேர்த்து அதையும் தட்டில் பரப்பிக் காயவைத்தேன். ஒன்பது நாளில் மேல் தோல் சுருங்கி, கருஞ்சிவப்பாகி, பார்க்க அழகாகவே இருந்தது. ஒன்றை எடுத்து அழுத்தினேன், உள்ளே மெத்தென்று இருந்தது. கத்தியால் பிளந்தால் விதைக் கொத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம், பஞ்சு சுற்றிய மாதிரி. அடுத்ததைப் பிளந்தேன், அதுவும் அப்படியே. முப்பதில் நான்குதான் தப்பியது.

பிறகுதான் யோசித்தேன். மெக்சிகோவில் பழுத்த ஹலபேனோவைப் புகையில் வாட்டித்தான் சிப்போட்லே ஆக்குகிறார்கள். தடித்த சதைக்குள் இருக்கும் ஈரம் வெளியே வருவதற்குள் உள்ளே அழுகிவிடும் என்பதால்தான் அந்தப் பாடு. நமக்குப் புகைக்கூண்டு இல்லை. மின்சார உலர்த்தி இருப்பவர்கள் பிளந்து போட்டுக் காயவைக்கலாம். மற்றபடி வினிகரில் வளையம் வளையமாக வெட்டிப் போடலாம், அதில் ஹலபேனோவுக்கு இணை கிடையாது. ஆனால் எத்தனை பாட்டில்? மூன்றாவது பாட்டிலுக்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. உறைபெட்டியில் வைத்தால் காரம் போகாது, சதை தொளதொளத்துவிடும். சமையலுக்கு மட்டும் ஆகும், இடமும் அடைக்கும்.

இப்போது கெயென். தோல் காகிதம் மாதிரி, உள்ளே சதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பச்சையில் கடித்தால் சப்பென்றுதான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். முழுதாகச் சிவக்கும்வரை செடியில் விட வேண்டும். பாதி சிவந்ததைப் பறித்துக் காயவைத்தால் அங்கங்கே வெளிறிப்போய், நிறமும் மணமும் பாதிதான் வரும். காம்போடு பறித்து, தடித்த ஊசியில் நூலைக் கோத்து, காம்பின் கீழ்ப் பகுதியில் குத்திக் கோத்துக்கொண்டே போவேன். காயில் குத்தக் கூடாது, அந்த ஓட்டை வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும். ஒரு நூலுக்கு இருபத்தைந்து, ஒன்றை ஒன்று நெருக்காமல். காற்றோட்டமான இடத்தில் மாட்டினால் முதல் வாரம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். இரண்டாம் வாரம் சுருங்கத் தொடங்கும். மூன்று, நான்கு வாரத்தில் நூலைப் பிடித்து ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். ஒன்றை வளைத்துப் பாருங்கள். டப்பென்று உடைந்தால் டப்பாவில் போடலாம். வளைந்தால் இன்னும் நாலு நாள் தொங்கட்டும்.

ஒரு கிலோ பழம் காய்ந்தால் கால் கிலோவுக்கு முன்பின் தேறும். அதாவது ஒரு பறிப்பின் மிச்சம் முழுக்க ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டிக்குள் அடங்கிவிடும், மின்சாரம் கேட்காது, வெளிச்சம் படாமல் வைத்தால் அடுத்த பருவம்வரை நிற்கும். போன பருவத்தில் இரண்டு கெயென் செடி கொடுத்ததில் நான் தூக்கி எறிந்தது ஒரு கைப்பிடிகூட இருக்காது. ஹலபேனோவில் எறிந்தது ஒரு வாளி. இந்த ஒரு கணக்குக்காகவே மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. செடி ஒல்லியாக வளர்ந்து, காய்ப் பாரத்தில் சாய்கிறது. குச்சி நட்டுக் கட்ட வேண்டும். சிவக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழ அழுகல் வரும். வட்டமாக, உள்வாங்கின மாதிரி ஒரு புள்ளி தெரிந்தால் அந்தக் காயை அப்போதே கிள்ளி எறிந்துவிடுங்கள், நூலில் கோத்தால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். இலைச் சுருட்டும் இதைத்தான் முதலில் தாக்கியது. இலை படகு மாதிரி மேல்நோக்கி மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன், ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்தால் சிலந்திப்பேன். இரண்டையும் ஆரம்பத்தில் பார்த்தால் வேப்ப எண்ணெய்க் கரைசலில் ஓரளவு பிடிக்கலாம். வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ் சுருட்டு என்றால் மருந்து கிடையாது, செடியைப் பிடுங்குவதுதான். போன பருவத்தில் மூன்று கெயென் வைத்து ஒன்றைப் பிடுங்கினேன்.

காந்தாரிக்கு என் மனதில் இரண்டாம் இடம். மிச்சப் பிரச்சினையை அது வேறு விதமாகத் தீர்க்கிறது. ஒரேயடியாகப் பழுப்பதில்லை, மேல்நோக்கி நிற்கும் குட்டிக் காய்கள் முன்னும் பின்னுமாக வந்துகொண்டே இருக்கும். தேவைப்படும்போது போய் ஆறு கிள்ளிக்கொண்டு வரலாம். உறைபனி இல்லாத இடத்தில் இந்தச் செடி வருடக் கணக்கில் நிற்கும். அடி மரம் மாதிரி முற்றும், கவாத்து செய்தால் மறுபடி தழைக்கும். மற்ற மிளகாய்களும் இயல்பில் பல்லாண்டுச் செடிகள்தான். ஆனால் என் கெயென் இரண்டாம் வருடத்தில் பேருக்குத்தான் காய்த்தது, காந்தாரியோ இரண்டாம் வருடத்தில்தான் வேகம் எடுத்தது. தொட்டி பெரிதாக வேண்டும், இருபது லிட்டருக்குக் குறைந்தால் வேர் முட்டிக்கொண்டு நிற்கும். நோய் விஷயத்தில் என் செடி அசையவே இல்லை. இருந்தது ஒரே ஒரு செடி, அதனால் இதை நான் பெரிதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

பறிப்பதுதான் தொல்லை. ஒரு கைப்பிடி சேர்க்க இருபது நிமிஷம் ஆகும். நன்றாகப் பழுத்ததைத் தொட்டால் பழம் மட்டும் கழன்று வரும், பச்சைத் தொப்பியும் காம்பும் செடியிலேயே நின்றுவிடும். கழன்ற இடம் திறந்திருப்பதால் அது சேமிக்க ஆகாது, அன்றே தீர்த்துவிட வேண்டும். பறித்த விரலோடு கண்ணைத் தொட்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, அதனால் வெறும் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் போகாது. கையில் எண்ணெய் தேய்த்துவிட்டுச் சோப்பு போடுங்கள். அப்புறம் பறவைகள். நமக்கு எரிவது பறவைக்கு எரியாது, அவற்றின் நரம்பு ஏற்பி கேப்சைசினைக் கண்டுகொள்வதில்லை. காட்டு மிளகாயின் விதையைப் பரப்புவதே பறவைகள்தான் என்பதால் இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வலை போடாவிட்டால் சிவந்ததில் பாதி அவர்களுக்குத்தான்.

ஹபனேரோவை மிகவும் ஆசைப்பட்டு வைத்தேன். மணத்துக்காக. பழுத்ததைப் பிளந்தால் காரத்துக்கு முன்னால் ஒரு பழ வாசனை எழும், ஆப்ரிகாட் மாதிரி. வேறு எந்த மிளகாயிலும் அது எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பொறுமையைச் சோதிக்கும் செடி. ஹலபேனோ நாற்று நான்கு இலை விட்டிருந்தபோது ஹபனேரோ விதை மண்ணுக்கு வெளியே தலைகூடக் காட்டவில்லை. இருபத்தாறாம் நாள் செத்துவிட்டது என்று கிளறிப் பார்த்தேன், அப்போதுதான் வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நட்ட பிறகும் பழம் சிவக்க மூன்று, நான்கு மாதம். இதன் இனப் பெயர் சைனென்ஸ். 1776-ல் ஜாக்குவின் என்ற தாவரவியலாளர் சீனாவிலிருந்து வந்தது என்று நினைத்து வைத்த பெயர். பூர்வீகம் தென் அமெரிக்கா. தவறு அப்படியே நிலைத்துவிட்டது.

அத்தனை நாள் காத்திருந்து ஒரு செடியில் நாற்பது பழம் வந்தது. ஒரு குடும்பம் வாரத்துக்கு எத்தனை ஹபனேரோ சாப்பிடும்? நாங்கள் ஒன்று. தோல் மெலிதுதான், அதனால் ஹலபேனோ அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் காகிதக் கூண்டு விளக்கு மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் வடிவத்தில் மடிப்புக்குள் ஈரம் தங்கி, நூலில் தொங்கவிட்டதில் மூன்றில் ஒன்று கறுத்துவிட்டது. காய்ந்ததை மிக்ஸியில் போட்டு மூடியைத் திறந்த அன்று வீடே இருமியது.

இதற்கு மேலே போகும் வகைகளைப் பற்றி இரண்டு வரி போதும். 2007-ல் பூத் ஜோலோக்கியா, 2013-ல் கரோலினா ரீப்பர், 2023-ல் பெப்பர் எக்ஸ் என்று கின்னஸ் பட்டம் கைமாறிக்கொண்டே போகிறது. கடைசியாகச் சொன்னதன் சராசரி 26,93,000. ஹபனேரோவையே தீர்க்க முடியாத வீட்டில் இவற்றை வைத்து என்ன செய்ய?

விதை எடுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் ஒன்று கவனிக்கவும். மிளகாய் தன் பூவிலேயே மகரந்தம் சேர்க்கும், ஆனால் தேனீ பக்கத்துச் செடியிலிருந்தும் கொண்டுவரும். அதனால் இந்த வருடக் காயின் காரம் மாறாது. அந்தக் காயின் விதையிலிருந்து வரும் அடுத்த தலைமுறைதான் கலந்து வரும். பூ விரியும் முன்பே ஒரு கிளைக்கு வலைத்துணிப் பை கட்டி, காய் பிடித்ததும் அவிழ்த்து, நூல் சுற்றி அடையாளம் வைத்தால் போதும். கெயெனில் இந்த வேலையும் சுலபம், காய்ந்ததை உடைத்தால் விதை தானாகக் கொட்டும். கலப்பின விதையாக வாங்கியிருந்தால் இந்த முயற்சியே வேண்டாம், பிள்ளைகள் தாயைப் போல இருக்காது.

ராக்கோட்டோ என்ற மிளகாயை ஒரு முறை முயன்றேன். கறுப்பு விதை, ரோமம் படர்ந்த இலை, ஊதாப் பூ என்று பார்க்கவே வேறு சாதி. ஆண்டிஸ் மலைக் குளிர்ச்சிக்குப் பழகிய செடி, என் வெயிலில் பூ பூத்துப் பூ பூத்து உதிர்த்ததோடு சரி. குளிர்ந்த இடத்தில் இருப்பவர்களுக்கு அது வேறு கதையாக இருக்கலாம், நான் தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. பக்காட்டம் என்ற இன்னொரு மிளகாய் இனத்தில் எலுமிச்சை வாசனை வரும் ஒன்றைப் பாதிப் பருவம் வளர்த்தேன். ஆளுயரம் போனது, தோல் மெலிதாகவே இருந்தது. காயவைக்கும் அளவுக்குக் காய் வரும் முன் காற்றில் தொட்டியோடு சாய்ந்துவிட்டது. கெயெனுக்குப் போட்டி வருமென்றால் அதிலிருந்துதான் வரும் என்று ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது.

இந்தப் பருவத்து நான்கு தொட்டியில் இரண்டு கெயென், ஒன்று பழைய காந்தாரி. நான்காவதற்கு ஹபனேரோ என்றேன் நான், ஹலபேனோ என்றாள் மகள். "அப்பா, பச்சையாவே பறிச்சுச் சாப்பிட்டுடலாம்ல, அது சிவக்கிற வரைக்கும் யாரு விடப் போறா?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. போன வாரம் நாற்று மாற்றி நட்டாயிற்று.