கணினி 5, பிள்ளைகள் 20: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

வட சென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் நடக்கும் மாலை வகுப்புகளில் இடமும் குறைவு, கணினியும் குறைவு. யாரை யாரோடு உட்கார வைப்பது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பிள்ளை எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மவுஸில் கை இருந்த நிமிடத்தை எண்ணுங்கள்.

ஒரு கணினிக்கு 4 பேர், 1 மணி நேரம் என்றால் ஆளுக்கு 15 நிமிடம். காகிதத்தில்தான். விஷயம் தெரிந்த பிள்ளை மவுஸை விடவே விடாது. ஓரத்தில் இருக்கும் பிள்ளைக்குத் திரையே சரியாகத் தெரியாது. மலிவு மானிட்டர்களில் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுத்துப் போகும். இன்னொரு மவுஸ் சொருகிப் பயனில்லை. இரண்டும் ஒரே அம்புக்குறியைத்தான் இழுக்கும், சண்டைதான் மிச்சம்.

1999இல் டெல்லி கால்காஜியில் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா சுவரில் பதித்த கணினியைச் சுற்றிக் கூட்டமாக நின்றே பிள்ளைகள் பழகினார்களே என்று கேட்பார்கள். துழாவிப் பார்க்கக் கூட்டம் நல்லதுதான். கைப்பழக்கம் அப்படி வராது. குஜராத்தின் வதோதராவில் கணினிக்கு 2 பிள்ளைகள், வாரம் 2 மணி நேரம் என்று கணக்கு விளையாட்டுகள் கொடுத்தபோது மதிப்பெண் நன்றாகவே ஏறியது.

கட்டைகளை அடுக்கி நிரல் எழுதப் பழகும் ஸ்கிராட்சுக்கு இருவர் சரி. 10 நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துக் கை மாற்றுங்கள். மவுஸ் இல்லாதவர் வாயால் சொல்லலாம், திரையைத் தொடக்கூடாது. நாலாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் ஜோடி சேர்த்தால் சின்னது வேடிக்கைதான் பார்க்கும்.

தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் தட்டச்சுக்கு மட்டும் தனி ஆள், 15 நிமிடம் போதும். உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில், புள்ளி எஃப் விசையில். ஞாயிற்றுக்கிழமை 2 மணி நேரம் அடித்த பிள்ளை அடுத்த ஞாயிறு புள்ளியைத் தேடும். அதே நேரத்தைத் திங்கள், புதன், வெள்ளி என 40 நிமிடமாக உடைத்தால் விரல் தானாகப் போகும்.

அந்த 40 நிமிடத்தைத் தின்பது பாடம் அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க் எழுந்து உட்காரவே 5 நிமிடம். அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் பிள்ளைகள் வருமுன் கணினியைப் போட்டுவிடுங்கள். சேமிக்கக் கடைசி 5 நிமிடம் வேண்டும். கோப்புக்குப் பெயரும் தேதியும் வைக்கச் சொல்லாவிட்டால் ஒருவர் வேலை மேல் இன்னொருவர் வேலை ஏறிவிடும்; மறுநாள் அழுகையைச் சமாளிக்கவே நேரம் போகும். காசிமேடு பக்கம் உப்புக் காற்றில் ஹெட்போன் முனை கறுத்து ஒரு காதில் மட்டும் கேட்கும், அவ்வப்போது துடைத்து வையுங்கள்.

20 பேரையும் சேர்த்து உட்கார வைக்காமல் 10 பேராக இரண்டு பேட்ச், ஆளுக்கு வாரம் 3 நாள். பரீட்சை மாதத்தில் 20 நிமிடமாகக் குறைக்கலாம், நாளைக் குறைக்க வேண்டாம்.