மல்லிகைக்கு மூன்று வழி: சரமா, அத்தரா, ஸ்ப்ரேயா?

"அண்ணி, மல்லிப்பூ வாசம் அப்படியே வர்ற மாதிரி ஒரு நல்ல சென்ட் சொல்லுங்களேன்" என்று போன மாதம் என் நாத்தனார் கேட்டாள். எதை வாங்கலாம் என்று அவளிடம் சொல்வதற்கு முன், அவளைத் தேக்காவுக்கு, அதாவது சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்கு, அழைத்துப்போய் ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்தேன். மல்லிகை மணத்தை உடம்போடு வைத்துக்கொள்ள சிங்கப்பூரில் மூன்று வழி உண்டு. பஃப்ளோ ரோடு, கேம்பல் லேன் கடைகளில் முழம் போட்டு வாங்கும் சரம் ஒன்று. அரபு ஸ்திரீட் பக்கம் கிடைக்கும் அத்தர் இன்னொன்று. மூன்றாவது, முஸ்தஃபா பேரங்காடியிலும் ஆர்ச்சர்ட் ரோட்டிலும் கண்ணாடி அலமாரிகளில் நிற்கும் ஸ்ப்ரே. பல வருடங்களாக மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். தினசரிக்கு அத்தர்தான் என்பது என் கட்சி. ஆனால் சரத்தை முகர்ந்து பழகாத மூக்கோடு மற்ற இரண்டையும் வாங்கப் போகக் கூடாது.

காரணம் சொல்கிறேன். மல்லிகையை மொட்டாகப் பறிக்கிறார்கள். அது மாலையில்தான் விரியும், மணமும் விரியும்போதுதான் வரும். பறித்த பிறகும் பல மணி நேரம் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் பூ இது. பிரான்ஸின் கிராஸ் ஊரில் அந்தக் காலத்தில் பூக்களைக் கொழுப்பு தடவிய கண்ணாடித் தட்டில் பரப்பி வைத்து மணத்தை உறிஞ்ச வைத்ததும் இதனால்தான். ஆகவே ஒரே சரம் மூன்று விதமாக மணக்கும். ஆறு மணிக்கு மொட்டாக இருக்கையில் பச்சை வாசம், கொஞ்சம் தேயிலை போல. ஒன்பது மணிக்கு நன்றாக விரிந்ததும் இனிப்பு ஏறி, திராட்சை மிட்டாயின் சாயல் வரும். மறுநாள் காலையில் வாடும்போது கனத்து, அந்துருண்டை போன்ற ஒரு நெடி அடியில் தெரியும். அதற்குக் காரணமான பொருள் இண்டோல். தனியாக முகர்ந்தால் முகம் சுளிக்க வைக்கும் அது இல்லாவிட்டால் மல்லிகை வெறும் சோப்பு வாசமாகிவிடும். இந்த மூன்று நிலையில் உங்களுக்குப் பிடித்தது எது? அது தெரிந்துவிட்டால் கடையில் பாதி வேலை முடிந்தது.

சரத்தின் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். குளிர்சாதன அலுவலகத்தில் மத்தியானத்துக்குள் வாடிவிடும், குளிர்பெட்டியில் வைத்தாலும் ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். சேர்த்து வைக்க வழியே கிடையாது.

அத்தருக்கு வருவோம். அத்தர் கடையில் பலர் தடுமாறுவது பெயரில். நம் மல்லிகைக்கு அங்கே பெயர் மோத்தியா. சமேலி என்று கேட்டால் பிச்சிப்பூ வாசம் வரும். ஆங்கிலத்தில் இரண்டுமே ஜாஸ்மின் என்பதால், "ஜாஸ்மின் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து "இது மல்லி மாதிரியே இல்லையே" என்று வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் இன்றும் பழைய முறையில் செப்புப் பாத்திரத்தில் அத்தர் இறக்குகிறார்கள். பூவும் தண்ணீரும் போட்டு மூடி, விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாகப் போய், தண்ணீர்த் தொட்டியில் அமர்த்திய இன்னொரு செம்புக்குள் இறங்கும். அந்தச் செம்பில் ஏற்கெனவே சந்தன எண்ணெய் இருக்கும். மறுநாள் புதுப் பூ, அதற்கடுத்த நாளும் புதுப் பூ என்று அதே எண்ணெயில் மணத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். மல்லிகைக்குச் சூடு அவ்வளவாக ஆகாது என்பதால் ஆறு மணிப் பச்சை வாசம் இதில் குறைந்துதான் போகும். அதற்குப் பதிலாகச் சந்தனம் பூவை ஏந்திக்கொள்ளும். என் மூக்குக்கு, நல்ல மோத்தியா என்பது பூஜை அறையில் சாயங்காலம் சாற்றிய சரம், காலையில் கதவைத் திறக்கும்போது மணப்பது போல இருக்கும்.

இங்கே கவனம் வேண்டும். அசல் சந்தன எண்ணெய் விலை அதிகம். மலிவான குப்பியில் இருப்பது பெரும்பாலும் வேறு ஏதாவது அடி எண்ணெயும் செயற்கை வாசனையும்தான். அதை வாங்குவதில் தப்பில்லை, பிடித்திருந்தால் தாராளமாகப் பூசலாம். ஆனால் அசலுக்கான விலையை அதற்குக் கொடுக்க வேண்டாம். "அடியில் என்ன எண்ணெய்?" என்று நேராகவே கேளுங்கள். அரபு ஸ்திரீட் வட்டாரத்தில் 1933 முதல் இருக்கும் ஜமால் கஸுரா போன்ற பழைய கடைகளில் ஆல்கஹால் கலக்காத எண்ணெய் வாசனைகளைத்தான் வரிசை வரிசையாக வைத்திருப்பார்கள். தோலா என்பது பழைய அளவு, ஏறக்குறைய 11.66 கிராம். கால் தோலா என்றால் 3 மில்லி குப்பி. முதல் தடவைக்கு அது போதும், பல மாதம் வரும்.

நம் ஊர் வானிலைக்கு அத்தர் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஆல்கஹால் இல்லாததால் சட்டென்று ஆவியாகிப் பறக்காது, தோலை ஒட்டியே கிடக்கும். வெயிலில் பேருந்து நிறுத்தம் வரை நடந்தால் மெல்ல எழும், எம்ஆர்டி ரயில் குளிரில் அடங்கும், வீவக அடுக்குமாடி மின்தூக்கியில் பக்கத்தில் நிற்பவரின் மூக்கை முட்டாது. மணிக்கட்டில் ஒரு பொட்டு, காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு, அவ்வளவுதான். புடவையில் மட்டும் படவிடாதீர்கள். ஒரு தீபாவளிக்கு என் பட்டு முந்தானையில் பட்ட எண்ணெய்க் கறை இன்றுவரை போகவில்லை.

ஸ்ப்ரேயின் கணக்கு வேறு. ஒரு கிலோ மல்லிகைச் சாரத்துக்கு அரை டன்னுக்கும் மேல் பூ வேண்டும். அதனால் பெரும்பாலான ஸ்ப்ரேக்களில் இருப்பது வாசனைக் கலைஞர் பல பொருள்களைச் சேர்த்துக் கட்டிய மல்லிகை. அது குறையே இல்லை. 1966-இல் வந்த ஓ சொவாஜ் என்ற சென்டில் வாசனைக் கலைஞர் எட்மொன் ருட்னிட்ஸ்கா பயன்படுத்திய ஹெடியோன் என்ற பொருள், மல்லிகையின் காற்றோட்டமான பக்கத்தை மட்டும் தனியே எடுத்துக் கொடுத்தது. சரத்தால் அது முடியாது.

ஆனால் எந்தப் பூ என்று பார்த்து வாங்க வேண்டும். 1921-இல் வந்த ஷனேல் நம்பர் 5-இன் புகழ்பெற்ற கிராஸ் மல்லிகை உண்மையில் நம் பிச்சியின் இனம். அருமையான சென்ட்தான், மல்லிச்சரத்தை எதிர்பார்த்துப் போகக் கூடாது. 2017-இல் வந்த குச்சி ப்ளூம் என்ற சென்டில் மல்லிகையோடு சம்பங்கியும் ரங்கூன் மல்லியும் உண்டு. எனக்கு அது கல்யாண மாலை. மல்லிகையை நேரடியாக முன்னிறுத்துவது 2005-இல் வந்த ஏலியன் என்ற சென்ட். ஒன்பது மணிச் சரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் எப்படியோ அப்படி. பிரம்மாதம், ஆனால் ஒரே ஒரு அழுத்து போதும். காலை நெரிசலில் ரயில் ஏறுவதாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

எதை வாங்கினாலும் காகிதப் பட்டையில் முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். முஸ்தஃபாவில் ஒரு கையில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு அரபு ஸ்திரீட்டுக்கு நடந்தே போங்கள், இருபது நிமிட நடைதான். வியர்வையும் வெயிலும் பட்ட பிறகு எது மிச்சம் இருக்கிறதோ அதுதான் அந்த சென்டின் உண்மை முகம். அங்கே போய் மறு கையில் மோத்தியா தடவிக்கொண்டு, இரண்டு கையையும் ராத்திரி வரை முகர்ந்து பாருங்கள்.

சென்ட் சேர்த்து வைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. வெளிச்சமும் சூடும்தான் ஸ்ப்ரேக்கு எதிரி. மேற்குப் பார்த்த ஜன்னலோரம் நான் வைத்த ஒரு குப்பி ஒரே வருடத்தில் அதன் முதல் வாசத்தை இழந்தது. குளியலறையும் ஆகாது, துணி அலமாரியின் அடித்தட்டு நல்லது. மல்லிகை சென்ட் பழுப்பாக மாறினால் பதற வேண்டாம், இண்டோல் இருந்தால் நிறம் கறுப்பது இயல்பு, முகர்ந்து பார்த்து முடிவு செய்யலாம். சந்தன அடியுள்ள அத்தரோ இருட்டில் வைத்தால் வருடத்துக்கு வருடம் கனிந்துகொண்டே போகும். அதனால் 100 மில்லி ஸ்ப்ரே ஒன்று வாங்கும் காசுக்கு 10 மில்லி ஸ்ப்ரே ஒன்றும் இரண்டு மூன்று கால் தோலாக்களும் வாங்குவதே எனக்குப் பிடித்த கணக்கு.

நாத்தனார் இரண்டு கையையும் மறுநாள் காலைவரை முகர்ந்திருக்கிறாள். "அண்ணி, எனக்கு அந்த ஆறு மணி வாசம்தான் வேணும்" என்று போன் செய்தாள். அது அத்தரிலும் இல்லை, ஏலியனிலும் இல்லை. சனிக்கிழமை மறுபடி தேக்காவுக்குப் போகிறோம், விரியாத மொட்டாகப் பார்த்து இரண்டு முழம்.