விடுமுறைக் காலை: நீட்டித் தூங்குவதா, நேரத்துக்கு எழுவதா?

வாரம் முழுக்க 6 மணிக்கு எழுபவருக்கு விடுமுறை நாளில் இரண்டு வழி. 10 மணி வரை தூங்குவது ஒன்று. வழக்கமான நேரத்திலேயே, மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் தள்ளி எழுந்து, அவசரமில்லாமல் காலையைக் கழிப்பது இன்னொன்று.

முதல் வழியில் உண்மையான சுகம் உண்டு. தூக்கம் பாக்கி வைத்த உடம்பு அதைக் கேட்கத்தான் செய்யும். அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சிக்கல் அன்று இரவில்தான் தொடங்குகிறது. மூளையில் இருக்கும் உடல் கடிகாரம் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வெளிச்சம் தாமதமானால், தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் சுரப்பும் இரவில் தள்ளிப்போகும். படுக்கையில் புரண்டுகொண்டே கிடப்போம். மறுநாள் அலாரம் மட்டும் பழைய நேரத்துக்கே அடிக்கும். நெடுந்தூர விமானப் பயணத்தில் நேரம் மாறி உடம்பு தடுமாறுவதை ஜெட்லாக் என்பார்கள். விமானம் ஏறாமலே வரும் இந்தத் தடுமாற்றத்துக்கு, உடல் கடிகாரத்தை ஆராயும் ஜெர்மன் விஞ்ஞானி டில் ரோன்னெபெர்க் குழுவினர் 2006-இல் வைத்த பெயர் 'சமூக ஜெட்லாக்'.

இரண்டாவது வழி கேட்கக் கறாராகத் தெரியலாம். ஆனால் எழுந்ததும் ஓடவேண்டியதில்லையே! ஜன்னலைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, கைபேசியைத் தொடாமல் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சுவரில் விழுந்த வெயில் கட்டம் மெல்லத் தரைக்கு இறங்குவது கண்ணில் படும். அப்புறம் சின்னதாக ஒரு நடை. தூக்கம் மிச்சமிருந்தால் மதியம் 20 நிமிடம் கண்ணயரலாம். ரொம்ப நீண்டால் எழும்போது தலை கனக்கும்.

என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். இரவுப் பணி பார்ப்பவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் மட்டும் கிடைத்த நேரத்தில் தாராளமாகத் தூங்கட்டும்.