கேபிளா, வைஃபையா, டனலா? போன் ஆப்பை லேப்டாப் சர்வரோடு இணைக்கும் வழிகள்

லேப்டாப் பிரவுசரில் திறக்கிறது, போனில் திறக்கவில்லை. ஆப் எழுதப் பழகும் எல்லோரும் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் சுவர் இது. சர்வர் 3000 போர்ட்டில் (லேப்டாப்பின் 3000-ஆம் கதவு என்று வையுங்கள்) ஓடுகிறது, ஆப்பில் லோக்கல்ஹோஸ்ட்:3000 என்று எழுதியாயிற்று, பட்டனைத் தட்டினால் "நெட்வொர்க் ரெக்வஸ்ட் ஃபெயில்ட்". லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல் அதைச் சொல்லும் கருவியையே குறிக்கும். போனில் ஓடும் ஆப் சொன்னால் அது போன். லேப்டாப்பில் சர்வர் ஓடுவது போனுக்கு எப்படித் தெரியும்?

தெரியவைக்க ஐந்து வழிகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்கு எடையும் விலையும் பதியும் ஒரு ஆப்பை எழுதுவதாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் உரசிப் பார்க்கலாம். வேகம் அப்புறம். போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ரூட்டர் ஒருவர், வெளியாளைத் தடுக்கும் ஃபயர்வால் ஒருவர், சிம் கம்பெனி ஒருவர். ஆள் கூடக்கூட மக்கர் செய்யும் இடங்களும் கூடும்.

எமுலேட்டர்

லேப்டாப் திரையிலேயே ஓடும் போலிப் போன் இது. நடுவில் யாருமே இல்லாத வழி. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் எமுலேட்டருக்குள் லேப்டாப்பைக் குறிக்கும் முகவரி 10.0.2.2. ஜெனிமோஷன் என்ற வேறு எமுலேட்டர் என்றால் 10.0.3.2. ஆப்பிளின் சிமுலேட்டர் மேக்கின் நெட்வொர்க்கையே பகிர்ந்துகொள்வதால் அங்கே மட்டும் லோக்கல்ஹோஸ்ட் அப்படியே வேலை செய்யும். ஐபோன் சிமுலேட்டரில் ஓடிய புரோகிராம் கோடு ஆண்ட்ராய்டில் படுத்துவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒரு சிக்கலை மட்டும் நினைவில் வையுங்கள். எமுலேட்டர் கிளம்பும்போதே லேப்டாப்பின் டிஎன்எஸ் (இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் ஏற்பாடு) விவரத்தை எடுத்துக்கொள்ளும். வீட்டு வைஃபையில் திறந்துவிட்டு நடுவில் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால், 10.0.2.2 ஓடும், வெளி இணையதளப் பெயர் எதுவும் திறக்காது. டிவைஸ் மேனேஜரில் கோல்ட் பூட் (முதலிலிருந்து மறுதொடக்கம்) கொடுத்தால் சரியாகிவிடும். 8 ஜிபி ரேம் லேப்டாப்பில் எமுலேட்டர், ஸ்டூடியோ, குரோம் மூன்றும் சேர்ந்தால் மூச்சு முட்டும். மண்டியின் ப்ளூடூத் தராசை இணைத்துப் பார்க்கவும் நிஜ போன்தான் வேண்டும்.

யூஎஸ்பி கேபிள்

ஆண்ட்ராய்டு போன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். லேப்டாப் டெர்மினலில், போனோடு பேசும் ஏடிபி கருவிக்கு ஒரே கட்டளை: ஏடிபி ரிவர்ஸ் டிசிபி:3000 டிசிபி:3000 (adb reverse tcp:3000 tcp:3000). முதல் எண் போனின் போர்ட், இரண்டாவது லேப்டாப்பின் போர்ட். இதற்குப் பிறகு போன் தன் லோக்கல்ஹோஸ்ட்:3000-ஐக் கூப்பிட்டால் அந்தக் கோரிக்கை கேபிள் வழியே லேப்டாப்புக்கு வந்துவிடும். ஐபி தேட வேண்டாம், ஃபயர்வாலைத் தொட வேண்டாம், வைஃபையே வேண்டாம். ஆண்ட்ராய்டு 5.0 முதல் எல்லாவற்றிலும் வேலை செய்யும். ரியாக்ட் நேட்டிவ் என்றால், கோடை ஆப்புக்கு அனுப்பும் அதன் மெட்ரோ சர்வருக்காக 8081 போர்ட்டுக்கும் இன்னொரு வரி.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் நிறுத்தும் நாளில் ரூட்டர் செத்துவிடும், லேப்டாப் பேட்டரியில் ஓடும். வைஃபையை நம்பியவர் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார். கேபிள்காரர் வேலையைத் தொடர்வார்.

சிக்கல்கள் எல்லாம் அந்தக் கட்டளைக்கு முன்னாலேயே வரும். போனில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்துவிட்டு, "ஏடிபி டிவைசஸ்" அடித்துப் பாருங்கள்.

பட்டியல் காலியாக இருந்தால் முதல் சந்தேகம் கேபிள் மேல். பஸ் ஸ்டாண்ட் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் கம்பிகள் மட்டுமே இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. போன் சார்ஜ் ஆவதைப் பார்த்து கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. அந்தக் கேபிளில் ஒரு போட்டோவை லேப்டாப்புக்கு நகலெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கேபிள் சரி, அடுத்து விண்டோஸ் டிரைவரைப் பார்க்க வேண்டும்.

பட்டியலில் "அன்ஆத்தரைஸ்டு" என்று வந்தால் போன் திரையில் அனுமதி கேட்கும் பெட்டி காத்துக்கொண்டிருக்கிறது. திரை பூட்டியிருந்தால் அது கண்ணில் படாது. பெட்டியே வராவிட்டால், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பழைய அனுமதிகளை ரத்து செய்யும் வரி இருக்கும், அதைத் தட்டிவிட்டுக் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்.

ரெட்மி, போக்கோ வகைப் போன்களில் டீபக்கிங் ஆன் ஆனாலும் ஆப் ஏறாது, "இன்ஸ்டால் ஃபெயில்ட் யூசர் ரெஸ்ட்ரிக்டட்" என்று திட்டும். "இன்ஸ்டால் வயா யூஎஸ்பி" என்று தனி சுவிட்ச் ஒன்று அதே பக்கத்தில் இருக்கிறது. அதை ஆன் செய்ய மி அக்கவுன்ட் கேட்கும்.

எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று நின்றால், கேபிள் ஒரு நொடி ஆடியிருக்கும். ரிவர்ஸ் இணைப்பு கேபிள் பிரிந்த அந்தக் கணமே போய்விடும், மாட்டினால் தானாக வராது. "ஏடிபி ரிவர்ஸ் --லிஸ்ட்" அடித்து எதுவும் இல்லையென்றால் திரும்பக் கட்டளை கொடுங்கள். ஆப்பைத் தொடங்கும் ஸ்கிரிப்டிலேயே அந்த வரியைப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். இரண்டு போன் மாட்டியிருந்தால் எந்தப் போன் என்று "-எஸ்" போட்டு சீரியல் நம்பரும் கொடுக்க வேண்டும்.

கேபிள் பிடிக்காதவர்களுக்கு ஆண்ட்ராய்டு 11 முதல் வயர்லெஸ் டீபக்கிங் இருக்கிறது. அதில் விழும் குழி ஒன்றே ஒன்று: ஆறு இலக்கக் குறியீட்டோடு காட்டும் போர்ட் ஜோடி சேர்ப்பதற்கு மட்டும், பிறகு இணைப்பதற்கான போர்ட் வேறு. இணைக்கும் போர்ட் வயர்லெஸ் டீபக்கிங் திரையின் முதல் பக்கத்தில் இருக்கும். ஒன்றை மற்றதற்குக் கொடுத்தால் ஒட்டாது.

ஐபோனுக்கு இந்த வழியே கிடையாது. அதற்காகத்தான் அடுத்தது.

ஒரே வைஃபையில் லேப்டாப்பின் ஐபி

பெரும்பாலானோர் முதலில் கையில் எடுப்பது இதைத்தான், அதிகம் அடிபடுவதும் இதில்தான். கணக்கு சுலபம்: லேப்டாப்பின் ஐபி 192.168.1.7 என்றால் ஆப்பில் 192.168.1.7:3000 என்று எழுத வேண்டும். ஆனால் அந்தக் கோரிக்கை சர்வர், ஃபயர்வால், ரூட்டர், ஆப் என்று நான்கு வாசல் தாண்ட வேண்டும்.

எந்த வாசலில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஆப்பைத் தொடவே வேண்டாம். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, போனின் குரோமில் அந்த முகவரியை அடியுங்கள். சர்வரின் பதில் வந்துவிட்டால் நெட்வொர்க்கில் குறையே இல்லை, சிக்கல் ஆப்புக்குள். கண்ணிமைக்கும் நேரத்தில் "ரெஃப்யூஸ்டு" என்று வந்தால் போன் அந்த ஐபி வரை போய்விட்டது, அந்தப் போர்ட்டில் கதவு திறக்க ஆள் இல்லை. பத்து இருபது விநாடி சுற்றிச் சுற்றி "டைம்ட் அவுட்" என்றால் நடுவில் யாரோ கோரிக்கையைச் சத்தமில்லாமல் விழுங்குகிறார்கள், அல்லது ஐபியே தப்பு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் புரோகிராமை மாற்றிக்கொண்டிருப்பதில்தான் பலருக்கு ஒரு ராத்திரி போகிறது.

ரெஃப்யூஸ்டு வந்தால் சர்வரைப் பாருங்கள். 127.0.0.1-இல், அதாவது லோக்கல்ஹோஸ்டில் மட்டும் காது கொடுக்கும் சர்வர் வெளியாள் குரலைக் கேட்காது. ஜாங்கோ, ஃப்ளாஸ்க், வீட் (Vite) ஆகிய மூன்றின் சர்வர்களும் இயல்பில் அப்படித்தான். எல்லா இணைப்பிலும் கேட்கும்படி 0.0.0.0 என்று மாற்றி ஓட்ட வேண்டும். ஜாங்கோவில் அலவுட் ஹோஸ்ட்ஸ் பட்டியலில் அந்த ஐபியையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் 400 பிழை வரும். அதைப் பார்த்து மகிழ்ச்சி அடையலாம், கோரிக்கை சர்வரைத் தொட்டுவிட்டது.

டைம்ட் அவுட் வந்தால் ஐபியைச் சரிபாருங்கள். விண்டோஸில் "ஐபிகான்ஃபிக்" அடித்தால் மூன்று நான்கு முகவரி வரும். 192.168.56.1 விர்ச்சுவல் பாக்ஸினுடையது, "விஈதர்நெட்" என்று தலைப்பிட்டது விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லுடையது. "வயர்லெஸ் லேன் அடாப்டர் வைஃபை" என்ற தலைப்புக்குக் கீழே உள்ளதுதான் நமக்கு வேண்டியது. நேற்று ஓடியது இன்று ஓடவில்லையா? கரண்ட் போய் வந்து ரூட்டர் புது ஐபி கொடுத்திருக்கலாம். ரூட்டர் செட்டிங்கில் லேப்டாப்புக்கு ஒரு ஐபியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும்.

ஐபி சரி என்றால் விண்டோஸ் ஃபயர்வால். சர்வரை ஓட்டும் நோட் (Node.js) முதல்முறை ஓடும்போது அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்திருக்கும். அவசரத்தில் கேன்சல் தட்டியிருந்தால் விண்டோஸ் அதைத் "தடு" என்ற விதியாக எழுதி வைத்துவிடும். பிறகு நீங்கள் எத்தனை "அனுமதி" விதி சேர்த்தாலும் தடு விதிதான் ஜெயிக்கும். இன்பவுண்ட் ரூல்ஸ் பட்டியலில் நோட் என்று தொடங்கும் சிவப்புக் குறி வரிகளை அழித்துவிட்டுச் சர்வரை மறுபடி ஓட்டுங்கள். வைஃபை "பப்ளிக்" என்று குறிக்கப்பட்டிருந்தால் "பிரைவேட்" ஆக்குங்கள். ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்து வைக்கும் வழக்கம் வேண்டாம். இரண்டு நிமிடம் அணைத்துச் சோதித்துவிட்டு உடனே போடுவதில் தப்பில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் டைம்ட் அவுட் என்றால், கல்லூரி ஹாஸ்டல், லாட்ஜ், ஓசூர் பக்கத்து பிஜி வைஃபை இவற்றில் ஏதாவது ஒன்றில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கெல்லாம் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி ஏபி ஐசொலேஷன் போட்டிருப்பது வழக்கம். இரண்டிலும் யூடியூப் ஓடும், ஒன்றுக்கொன்று மட்டும் பேசாது. உங்கள் பக்கம் செய்ய எதுவும் இல்லை. ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள்.

ஹாட்ஸ்பாட்டை எந்தப் பக்கத்திலிருந்து போடுவது? விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து போட்டால் அதன் ஐபி எப்போதும் 192.168.137.1. ஆப்பில் ஒருமுறை எழுதினால் போதும், எட்டுக் கருவி வரை இணையும். ஆனால் லேப்டாப்புக்கு ஏதாவது ஒரு இணைய இணைப்பு இருந்தால்தான் அந்த சுவிட்ச் ஆன் ஆகும். போனிலிருந்து போட்டால் அந்த நிபந்தனை இல்லை, ஆனால் புது ஆண்ட்ராய்டுகளில் ஐபி வரிசை மாறிக்கொண்டே இருக்கும். ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போனிலேயே ஆப்பைச் சோதிக்கலாம், லேப்டாப்போடு பேசுவதற்கு டேட்டா பேக் செலவாகாது.

குரோமில் திறந்து ஆப்பில் மட்டும் திறக்கவில்லையென்றால் அது நான்காவது வாசல். ஆண்ட்ராய்டு 9 முதல் பூட்டில்லாத எச்டிடிபி இயல்பில் தடை. போனின் பிழைக்குறிப்புகளைக் காட்டும் லாக்கேட்டில் "கிளியர்டெக்ஸ்ட் ... நாட் பெர்மிட்டட்" என்று தெளிவாகவே எழுதியிருக்கும். லோக்கல்ஹோஸ்ட் என்றாலும் விலக்கு இல்லை, ஆகவே கேபிள் வழியிலும் இது வரும். ஆப்பின் அனுமதிகளை எழுதும் மேனிஃபெஸ்ட் கோப்புகளில், டீபக் மேனிஃபெஸ்டில் மட்டும் "யூசஸ் கிளியர்டெக்ஸ்ட் டிராஃபிக்" என்பதை ட்ரூ ஆக்குங்கள், மெயின் மேனிஃபெஸ்டில் வேண்டாம். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் லோக்கல் நெட்வொர்க் அனுமதி தனியாகக் கேட்கும். முதல்முறை மறுத்துவிட்டால் செட்டிங்ஸில் போய்த்தான் திறக்க முடியும்.

டனல்

என்கிராக், கிளவுட்ஃப்ளேர்ட் போன்றவை லேப்டாப் சர்வருக்கு இணையத்தில் ஒரு தற்காலிக எச்டிடிபிஎஸ் முகவரி கொடுக்கும். ஐபி, ஃபயர்வால், ஐசொலேஷன், கிளியர்டெக்ஸ்ட் நான்கும் ஒரே அடியில் தீர்ந்துவிடும். அதனால்தான் பலர் முதல் நாளே இதில் போய் விழுகிறார்கள். ஒரு முழம் தள்ளி மேசையில் கிடக்கும் போனுக்கு இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. சிக்னல் ஒரு கட்டையில் இருக்கும் அறையில் ஒவ்வொரு பட்டனுக்கும் காத்திருப்பீர்கள்.

இதற்கென்று உள்ள இடம் வேறு. நீங்கள் தர்மபுரியில் எழுதுகிறீர்கள், ஆப்பைப் பார்க்க வேண்டியவர் ராயக்கோட்டையில் இருக்கிறார். அல்லது பேமென்ட் கேட்வே உங்கள் சர்வரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். சிம் இணைப்பில் பொது ஐபி பெரும்பாலும் தனியாகக் கிடைப்பதில்லை என்பதால் ரூட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை, டனல்தான் வழி.

கிளவுட்ஃப்ளேர்டின் விரைவு டனலுக்கு அக்கவுன்ட் வேண்டாம், ஆனால் நிறுத்தி ஓட்டினால் முகவரி மாறும். ஆகவே முகவரியைக் கோடுக்குள் புதைக்காமல் ஆப்பிலேயே மாற்றும் ஒரு பெட்டி வையுங்கள். என்கிராக்குக்கு அக்கவுன்ட் வேண்டும். இலவசத் திட்டத்தில் பிரவுசர் வழி வருபவருக்கு முதலில் ஒரு எச்சரிக்கைப் பக்கம் காட்டும். ஆப்பில் வெப்வியூ (ஆப்புக்குள் இணையப் பக்கம் காட்டும் பகுதி) இருந்தால் உங்கள் பக்கத்துக்குப் பதில் அது வந்து நிற்கும். லேப்டாப்பில் 127.0.0.1:4040-ஐத் திறந்தால் வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் அது பிரித்துக் காட்டுவது பெரிய உதவி. முகவரி தெரிந்த யாரும் உள்ளே வரலாம் என்பதால் விவசாயிகளின் உண்மையான வங்கி விவரத்தை அந்த டேட்டாபேஸில் வைக்காதீர்கள்.

நிஜ சர்வர்

சீசனில் மண்டிக்காரர் கையில் ஒரு வாரம் கொடுத்துப் பார்ப்பதென்றால் மேலே சொன்ன எதுவும் ஆகாது. லேப்டாப் மூடியதும் டனல் மூடிவிடும். சின்ன வாடகை சர்வர் ஒன்று போதும். அஞ்செட்டி மலைப்பாதையில் சிக்னல் அறுந்து அறுந்து வரும்போது ஆப் என்ன செய்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். கேபிளில் எல்லாம் ஓடுவதால் அந்தக் குறை அதுவரை மறைந்தே இருந்திருக்கும். பதிவைப் போனிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் அனுப்பும் வேலையை அதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

ஃப்ளட்டரில் எழுதியிருந்தால் ஏபிகே (ஆப்பை நிறுவும் கோப்பு) கொடுக்கும் முன் மெயின் மேனிஃபெஸ்டைத் திறந்து பாருங்கள். இன்டர்நெட் அனுமதி வரியை ஃப்ளட்டர் டீபக், புரொஃபைல் மேனிஃபெஸ்டுகளில் மட்டும்தான் தானாகப் போட்டுத் தருகிறது. மெயினில் நீங்கள் சேர்க்காவிட்டால், உங்கள் மேசையில் மூன்று மாதம் ஓடிய ஆப் மண்டியில் முதல் கூடையிலேயே "ஃபெயில்ட் ஹோஸ்ட் லுக்கப்" என்று நிற்கும்.