ஆறு துளை போட்டுக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்

ரோட்டரி டேபிளுக்கு, அதாவது வேலைப்பொருளை வேண்டிய கோணத்துக்குத் திருப்பி நிறுத்தும் வட்ட மேசைக்கு, மோட்டார் மாட்டிக்கொள்ள நினைப்பவர்கள் பணத்தை எடுத்து நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ரூ.38,000 போயிற்று. அதோடு ஒரு வார்ப்பிரும்பு வட்டும், பத்து வருட வாடிக்கையாளர் ஒருவரின் முகமும்.

கோவை கணபதியில் சின்ன ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின், உதவிக்கு ஒரு பையன். என் டேபிளைத் திருப்பும் வார்மின் (திருகு போன்ற கியர்) விகிதம் 90-க்கு 1. கைப்பிடியை 90 முறை சுற்றினால் மேசை ஒரு சுற்று வரும். தோள்பட்டை வலி வந்தபிறகு அதற்கு மோட்டார் போடலாம் என்று தோன்றியது. காணொளி பார்த்து ஒருவரைப் பிடித்தேன். “குளோஸ்டு லூப் மோட்டார், 0.002 டிகிரி துல்லியம், மேசை நிமிடத்துக்கு 10 சுற்று” என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். பில் கேட்டபோது “அதற்கென்ன அண்ணா, அனுப்பிவிடுகிறேன்” என்றார். இன்னும் வரவில்லை. நிமிடத்துக்கு 10 சுற்று சுற்ற வேண்டிய வேலை என்னிடம் எது இருக்கிறது என்று அன்றைக்கு யோசிக்கவே இல்லை. வேகம் என்றதும் வாயைப் பிளந்துவிட்டேன்.

மாட்டிய அன்று 4 துளை, 6 துளை, 8 துளை போட்டுக் காட்டினார். கச்சிதமாக வந்தது. பணத்தைக் கொடுத்து, காபியும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் அந்த வாடிக்கையாளர் 127 பல் கியர் ஒன்றை வார்ப்பிரும்பு வட்டில் வெட்டித் தரக் கேட்டார். அங்குல லீட் ஸ்குரூ (வெட்டும் உளியை நகர்த்தும் திருகு) உள்ள பழைய லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட இந்த கியர் வேண்டும். 5 அங்குலம் என்பது சரியாக 127 மில்லிமீட்டர். பல்லின் அளவு ஒன்றரை மாட்யூல். காலையில் தொடங்கி மாலை வரை வெட்டினோம். நூறு பல் தாண்டியும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசிப் பல் மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தடிமனாக, இரண்டு பல் ஒட்டிப் பிறந்தது போல நின்றது. பையன் என்னைப் பார்த்தான், நான் கியரைப் பார்த்தேன்.

போன் செய்தால், “உங்கள் வார்மில் ஆட்டம் இருக்கிறது அண்ணா” என்றார். ஆட்டம் இருக்கிறதுதான், எந்த வார்மில் இல்லை? ஆனால் ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனால் அந்த ஆட்டம் எல்லாப் பல்லுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடைசிப் பல்லில் மட்டும் போய் உட்காராது.

அன்று இரவே பெட்டியைத் திறந்தேன். மோட்டாரிலிருந்து வந்தவை நான்கே ஒயர்கள். குளோஸ்டு லூப் என்றால் தண்டு எவ்வளவு திரும்பியது என்று பார்த்துச் சொல்ல ஓர் என்கோடர் இருக்க வேண்டும், அதற்குத் தனி ஒயர் வர வேண்டும். இது சாதாரண ஸ்டெப்பர்: ஒவ்வொரு பல்ஸுக்கும் (மின்துடிப்பு) ஒரு சிறு அடி திரும்பும், திரும்பியதா என்று பார்க்காது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவரில் இருந்த குட்டிச் சுவிட்சுகள், அடியைச் சிறிதாகப் பிரிக்காத முழு ஸ்டெப்பில் இருந்தன: மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 பல்ஸ், மேசை ஒரு சுற்றுக்கு 18,000. அப்படியானால் ஒரு பல்ஸுக்கு 0.02 டிகிரி. தாளில் எழுதியதைவிடப் பத்து மடங்கு மோசம். ஏன் அப்படி வைத்தார் என்பதும் பிறகு புரிந்தது. மேசை நிமிடத்துக்கு 10 சுற்று சுற்ற மோட்டார் 900 சுற்று சுற்ற வேண்டும். அதற்கு நொடிக்கு 3,000 பல்ஸ். சொன்ன துல்லியத்தையும் கொடுப்பதானால் நொடிக்கு 30,000 வேண்டும். உள்ளே இருந்த சின்னப் பலகையும் அவர் எழுதிய நிரலும் அதற்குத் தாங்காது. வேகத்தைக் காட்டுவதற்காகத் துல்லியத்தைத் தின்றுவிட்டார்.

இனி அந்தத் தடித்த பல். 18,000-ஐ 127-ஆல் வகுத்தால் 141.73. அவருடைய நிரல் பின்னத்தை வெட்டி எறிந்துவிட்டு ஒவ்வொரு முறையும் 141 மட்டும் நகர்த்தியிருக்கிறது. விட்டுப்போனது சேர்ந்து சேர்ந்து, ஒரு சுற்றில் 93 பல்ஸ், அதாவது 1.86 டிகிரி, கடைசிப் பல்லின் தலையில் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு பல்லின் இடத்தையும் பூஜ்யத்திலிருந்து கணக்கிட்டு, அருகில் உள்ள முழு பல்ஸுக்கு நகர்த்தியிருந்தால் எந்த இடத்திலும் அரை பல்ஸுக்கு மேல் பிழை வராது. 18,000 என்பது 4, 6, 8 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். அவர் காட்டிய துளைகளில் பிழை வர வழியே இல்லை.

ஆகவே யார் வந்து காட்டினாலும் 7 பிரிவு போடச் சொல்லுங்கள். 18,000 ஏழால் மீதியில்லாமல் வகுபடாது. மேசை ஓரத்தில் ஒரு பின்னை நிறுத்தி, டயல் கேஜை (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவி) தொடவைத்து, பத்து முழுச் சுற்று விடுங்கள். என்னுடையதில் சுற்றுக்கு 0.06 டிகிரி விலகியது. 100 மில்லிமீட்டர் ஆரத்தில் அது 0.1 மில்லிமீட்டர். திரையை நம்பாதீர்கள். அதில் தெரிவது அனுப்பிய பல்ஸின் கணக்குதான், மேசை நிற்கும் இடம் அல்ல. ஒருமுறை வேகத்தைக் கூட்டியபோது மோட்டார் கீச்சென்று கத்தி அப்படியே நின்றுவிட்டது. திரை மட்டும் 270.00 வரை ஓடி நின்றது.

நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம் என்றார்கள். கையில் இருப்பதோ வெள்ளைத் தாள்.

மோட்டாரைக் கழற்றிக் கைப்பிடியையே திரும்ப மாட்டினேன். 127 கோணங்களையும் பூஜ்யத்திலிருந்து கணக்குப் போட்டு மகள் எழுதிக் கொடுத்தாள்: 2 டிகிரி 50 நிமிடம் 5 நொடி, 5 டிகிரி 40 நிமிடம் 9 நொடி என்று மூன்று தாள். ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே இரண்டு நாள் வெட்டினேன். புது வட்டின் காசு என்னுடையது. கடைசிப் பல் மற்றப் பற்களைப் போலவே இருந்தது.

அந்த ஆள் நேற்றும் ஒரு காணொளி போட்டிருக்கிறார். ஆறு துளை.