தறிச்சத்தத்துக்கு நடுவே மூன்று வருஷம்: ஒரு நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் அனுபவம்

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். கீழே தறிக்குடோன், மேலே குடியிருப்பு. நாலு விசைத்தறி. காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டால் ராத்திரி எட்டரை வரைக்கும் ஓடும். நான் பார்ப்பது, பதிவு செய்த பேட்டிகளையும் கூட்டங்களையும் கேட்டு எழுத்தில் எடுத்துக் கொடுக்கும் வேலை. தினமும் ஆறேழு மணி நேரம் காதில் ஏதாவது மாட்டியிருக்க வேண்டும். சாதாரண இயர்ஃபோனில் தறியைத் தாண்டிக் கேட்பதற்காக வால்யூமை ஏற்றிக்கொண்டே போனேன். 2022-ல் ஒரு நாள் கரண்ட் போய் தெருவே அடங்கிய பிறகும் என் காதுக்குள் 'ங்ஙொய்' என்று ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பயந்துபோய்த்தான், வெளிச்சத்தத்தை அடக்குகிற நல்ல நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் தேட ஆரம்பித்தேன்.

அந்த வருஷம் கண்ணுக்குத் தெரிந்தவை ஐந்து. சோனி எக்ஸ்எம்4, அதற்கடுத்து அப்போதுதான் வந்திருந்த எக்ஸ்எம்5, போஸ் க்யூசி45, சென்ஹைசர் மொமெண்டம் 4, ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ். ஆப்பிள் அறிமுகமானபோதே 59,900 ரூபாய். எடையும் 385 கிராம் கிட்ட. எனக்கு இரண்டுமே தாங்காது. சென்ஹைசரில் 60 மணி நேர பேட்டரி என்பது பெரிய ஆசை காட்டியது. சோனி இரண்டிலும் 30 மணி நேரம், போஸில் 24. எடையில் சோனியும் போஸும் 250 கிராமை ஒட்டி வரும், சென்ஹைசர் 293. எக்ஸ்எம்4 மடங்கும், எக்ஸ்எம்5 மடங்காது. மடங்காதது ஏன் என்று நிறையப் பேர் கேட்டார்கள். 2025-ல் வந்த எக்ஸ்எம்6-ல் திரும்ப மடக்கும்படி செய்துவிட்டார்கள்.

இந்த எண்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஐந்து ரோடு பக்கம் ஒரு ஷோரூமுக்குப் போனேன். ஏசி ஓடுகிற கடை. மாட்டியதும் ஏசி இரைச்சல் மறைந்தது. எந்த ஹெட்ஃபோனை மாட்டினாலும் மறைந்தது. கடையில் கேட்டுப் பார்த்து வாங்குவதில் உள்ள பிரச்சினையே இதுதான். ஏசி இரைச்சல் இந்தச் சாமான்களுக்கு மிகச் சுலபமான பரீட்சை, எல்லாம் பாஸாகிவிடும். நான் பரீட்சை வைக்க வேண்டியது தறியை வைத்து.

அதனால் மாமா பையனிடம் அவனுடைய எக்ஸ்எம்4-ஐ ஒரு வாரம் கடன் கேட்டேன். கூட வேலை பார்க்கும் தோழியிடம் க்யூசி45-ஐ இரண்டு நாள் வாங்கினேன். இரண்டையும் தறிக்குடோன் வாசலில் நின்று மாட்டிப் பார்த்தேன். முப்பதாயிரம் போட்டு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: உங்கள் வீட்டுச் சத்தத்தில், உங்கள் பஸ்ஸில், உங்கள் ஆபீஸில் மாட்டிப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள். தெரிந்தவர்களிடம் இல்லை என்றால், திருப்பி எடுத்துக்கொள்ளும் விற்பனையாளரிடம் வாங்குங்கள்.

கடைசியில் எதை வாங்கினேன் என்று பெயர் சொல்லப்போவதில்லை. கீழே வருகிற குறைகள் ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்லை. பெயரைப் போட்டால் அந்தப் பெயரைப் பற்றித்தான் பேச்சு போகும்.

வாசலில் நின்று மாட்டியபோது நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டும். விசைத்தறியில் இரண்டு விதச் சத்தம் உண்டு. ஒன்று மோட்டாரும் பெல்ட்டும் சேர்ந்து போடுகிற உறுமல். அது நிற்காமல், மாறாமல் வரும். இன்னொன்று குறுக்கு நூலைச் சுமந்து போகும் நாடாவைக் கட்டை அடித்துத் தள்ளும்போது விழுகிற 'டக்', அது மறுபக்கம் போய்ச் சேரும்போது இன்னொரு 'டக்'. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல். கேன்சலிங் பட்டனை அழுத்தியதும் உறுமல் தரையோடு தரையாக இறங்கிப்போனது. ஆனால் 'டக்' போகவில்லை. சன்னமாகி, தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னும் சொன்னால், உறுமல் இல்லாததால் அந்த 'டக்' தனியாகத் துலங்கியது.

காரணம் தெரிந்தபோது ஏமாற்றம் போய்விட்டது. வெளியே உள்ள மைக் சத்தத்தைப் பிடிக்கிறது. அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே ஸ்பீக்கர் போடுகிறது. மேடும் பள்ளமும் சேர்ந்து சமமாகிறது. 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலை மூன்றே கால் மீட்டருக்கும் மேல் நீளம், மெதுவாக ஏறி இறங்கும்; எதிர் அலை போட நேரம் கிடைக்கும். 1,000 ஹெர்ட்ஸில் அதே அலை ஒரு சாண் ஒன்றரைச் சாண்தான். அதற்கு மேல் போகப் போகக் கணக்குத் தப்பும். திடீரென்று விழுகிற அடிக்கு முன்னெச்சரிக்கையே கிடையாது. எதிர் அலையால் சத்தத்தை அடக்கலாம் என்று ஜெர்மனிக்காரர் பால் லூக் 1930-களிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். போஸ் கம்பெனியை ஆரம்பித்த அமர் போஸ் 1978-ல் விமானத்தில் போகும்போது இன்ஜின் இரைச்சலால் பாட்டுக் கேட்க முடியாமல் அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார் என்பார்கள். 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட் வந்தது. ஆக இது இன்ஜின் இரைச்சலுக்காகப் பிறந்த சாமான். நாடா அடிக்கும் சத்தத்தைத் தடுப்பது எதிர் அலை போடுகிற சிப் அல்ல, காதைச் சுற்றி உட்கார்கிற மெத்தை. அந்த மெத்தை இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும்.

இங்கேதான் நம் ஊருக்கான விஷயம் வருகிறது. எந்த விமர்சனத்திலும் இதைப் பார்க்கவில்லை. கம்மல். பின்னால் திருகாணி இருக்கிற கம்மலைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் மாட்டினால் காதுக்குப் பின்னால் அழுத்திப் புண்ணாகிவிடும். நான் வேலை நேரத்தில் கம்மலைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுகிறேன். மூக்குக்கண்ணாடிக் காலும் மெத்தையைத் தூக்கிவிடும். மெல்லிய காலுள்ள ஃபிரேம் மாற்றியதில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. எண்ணெய் வைத்த தலை இன்னொன்று. தேங்காய் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்தால் அந்த ரெக்சின் தாங்காது. ஏப்ரல், மே மாதச் சேலம் வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, காதைச் சுற்றி மூடிக்கொண்டு உட்கார்வது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைப்பேன்.

அப்படியும் பதினாலாவது மாதம் மெத்தை உரிந்தது. காதோரம் கருப்புத் துகள் ஒட்டியிருக்கிறதே என்று அம்மா கேட்டபோதுதான் தெரிந்தது. அறுநூறு ரூபாய்க்கு வேறொரு மெத்தை வாங்கி மாட்டினேன். பார்வைக்கு அச்சு அசல் அதேதான். ஆனால் உறுமல் பாதி திரும்ப வந்துவிட்டது. ஸ்பாஞ்சின் அடர்த்தி வேறு, ஓரம் சரியாக உட்காரவில்லை. பதினைந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, கம்பெனி மெத்தையையே வரவழைத்தேன். விலை நாலு மடங்கு. சத்தம் பழையபடி அடங்கியது. அதனால் வாங்குவதற்கு முன்னால் அந்த மாடலுக்குக் கம்பெனி மெத்தை தனியாகக் கிடைக்கிறதா, நாமே கழற்றி மாட்ட முடியுமா என்று பாருங்கள். பேட்டரி எத்தனை மணி நேரம் என்பதைவிட இது முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது வருஷம் வலது பக்கத்தில் 'கர்ர்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. கேன்சலிங்கை அணைத்தால் நின்றுவிடும், போட்டால் வரும். சர்வீஸ் சென்டரில் வாங்கி வைத்துக்கொண்டு பதினெட்டு நாள் கழித்து, உள்ளே போர்டு மாற்ற வேண்டும், பதினோராயிரம் ஆகும் என்றார்கள். திறந்து பார்த்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிப்பக்கம் மைக்குக்காக ஊசி முனை அளவில் சின்ன ஓட்டைகள் இருக்கும்.

"பாப்பா, இதுல பஞ்சு அடைச்சிருக்கு பாரு. தறியில மோட்டார் ஜாலி அடைக்குமே, அதேதான்."

உண்மைதான். காற்றில் மிதக்கிற பஞ்சுத் தூசு ஓட்டையில் போய்ப் பாய் மாதிரி படிந்திருந்தது. ஓட்டை கீழே பார்க்கிற மாதிரி தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஈரமில்லாத பெயிண்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டித் தட்டி எடுத்தோம். ஊதக் கூடாது, உள்ளே போய்விடும். கால் மணி நேர வேலை. அன்றைக்கு நின்ற 'கர்ர்' இதுவரை வரவில்லை. இப்போது வாரம் ஒரு தடவை பிரஷ், வேலை முடிந்தால் ஜிப் போட்ட பெட்டிக்குள்.

ஏற்காட்டு அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்காவைக் கொடுத்தது அங்கே, மாசம் ஒரு தடவையாவது போவேன். இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ் முதல் கியரில் ஏறும்போது இருக்கிற இன்ஜின் முக்கல் இருக்கிறதே, அது இந்தச் சாமானுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. சுத்தமாக எடுத்துவிடும். ஆனால் சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல, ஏற்காடு 1,500 மீட்டர். ஏறும்போது காது அடைக்கும். அதோடு கேன்சலிங்கும் சேர்ந்தால் எனக்குத் தலை கனத்துக் குமட்டல் வரும். பாதி வளைவுக்கு மேல் அணைத்துவிடுகிறேன். மாமா பையனின் எக்ஸ்எம்4-ல் காற்றழுத்தத்தை அளந்து அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதை மேலே போய் ஓட்டிப் பார்த்தபோது கொஞ்சம் இதமாக இருந்தது உண்மை.

அக்கா வீடு இருக்கிற எஸ்டேட்டில் ராத்திரி வேறு கதை. அங்கே அடக்குவதற்குச் சத்தமே இல்லை. அப்போது ஹெட்ஃபோனே போடுகிற 'ஸ்ஸ்' கேட்கும். வெளியே சில்வண்டு. அதன் குரல் மிக உச்சத்தில் இருப்பதால் எதிர் அலைக்குச் சிக்காது. மழைக்காலத்தில் சில்வண்டு ஊசி மாதிரி உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். முதல் வருஷம் நாலு நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டேன், இப்போது மூன்று நாளைக்கு ஒரு தடவை. முழு சார்ஜோடு வெயில் படும் ஜன்னலில் வைக்காமல் இருந்ததால் இந்த அளவுக்கு நிற்கிறது என்று நம்புகிறேன். புளூடூத்தில் பாட்டைத் துல்லியமாக அனுப்பும் எல்டேக், 990 கேபிபிஎஸ் என்பதெல்லாம் ஐஃபோனில் கிடையாது; ஆண்ட்ராய்டில் உண்டு, பாட்டு ரசிகர்களுக்கு உதவும், பேச்சு கேட்கிற எனக்குத் தேவைப்படவில்லை. லேப்டாப், போன் இரண்டிலும் ஒரே நேரத்தில் இணைந்திருப்பது தினசரி வரம். போன் பேசுவதுதான் மோசம். கேன்சலிங் என் காதுக்குத்தான், எதிரே பேசுகிறவர் காதுக்கு இல்லை. "பின்னாடி என்னங்க சத்தம்?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. முக்கியமான அழைப்புகளை மதியச் சாப்பாட்டுக்குத் தறி நிற்கும் அரை மணிக்கு மாற்றிக்கொண்டேன்.

கடைசியாக அப்பா. முப்பத்திரண்டு வருஷமாகத் தறி ஓட்டுகிறார். போன தை மாதம் ஒரு நாள், "அப்பிடி என்னதான் கேக்குது இதுல?" என்று குடோனிலேயே வாங்கி மாட்டிக்கொண்டார். பட்டனை அழுத்தினேன். மோட்டார் உறுமல் போனதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரெண்டு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் நேராக மூன்றாம் தறிக்கு நடந்தார்.

"இதுல அடி ஒரு பக்கம் சோர்ந்து விழுதும்மா. இத்தன நாளா இரைச்சல்ல தெரியல."

கட்டையோடு இருந்த தோல்வார் தளர்ந்திருந்தது. இறுக்கினார்.

அன்று ராத்திரி தறி நிறுத்திய பிறகு, மாடியில் மறுபடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். எதுவும் ஓடவில்லை, பாட்டும் போடவில்லை.

"ஏற்காட்டுல அக்கா வீட்டுல கேக்குமே சில்வண்டு, அது கேக்குது பாப்பா."

அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் சில்வண்டு கிடையாது. நான் வாங்கி மாட்டிப் பார்த்தேன், 'ஸ்ஸ்' தவிர ஒன்றுமில்லை. அப்பா கழற்றிய பிறகும் கேட்கிறது என்றார். எத்தனை நாளாக என்றேன். "தெரியலயே, தறிச் சத்தத்துல எதத் தனியா கேக்கறது?"

காது டாக்டரிடம் கூட்டிப்போய், எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுத்தோம். இரண்டு காதிலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. சத்தத்திலேயே வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் அடிபடுவது அந்த இடம்தான் என்றார் டாக்டர். போன கேட்புத் திறன் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பதே காதுக்கு வரம்பு. தறிக்குடோனில் 90-க்கு மேல்தான் எப்போதும்.

என் ஹெட்ஃபோனையே அப்பாவுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். டாக்டர் வேண்டாம் என்றார். இவை காதுப் பாதுகாப்புக்கென்று சோதித்துச் சான்று பெற்றவை இல்லை. 'டக்' உள்ளே வருவதை நானே கேட்டிருக்கிறேன், அதனால் மறுபேச்சுப் பேசவில்லை. தொழிற்சாலைகளில் போடுகிற காதுக்கவசம், பேட்டரி, புளூடூத் எதுவும் இல்லாதது, தொள்ளாயிரம் ரூபாய்க்கு வாங்கினோம். முதல் வாரம் பாவு நூல் அறுந்தது காதுக்குத் தெரியவில்லை என்று இரண்டு தடவை கழற்றி வீசினார்; கால் முழம் துணி பழுதானது. இப்போது கண்ணால் பார்த்தே பிடித்துவிடுகிறார். பக்கத்துக் குடோனில் ரெண்டு பேர் அளவு கேட்டு வாங்கியிருக்கிறார்கள். சில்வண்டு அப்பாவுக்கு இன்னும் ராத்திரியில் கேட்கிறது. தூங்கப் போகும்போது ரேடியோவைச் சின்னதாக வைத்துக்கொள்கிறார்.